தம்பியின் பாதி

ஜூன் 24, அருளப்பர் திருநாள்
முற்றுகையின் முதல் நாள்

கோமகன் வந்துவிட்டான். வரட்டும்.

காலைச் சாப்பாடு முடிந்து பல் குத்திக்கொண்டிருந்தேன். கோபுரக் காவல்காரன் கூவினான். மேலே போய்ப் பார்த்தால் ஆற்றங்கரை முழுக்கக் கூடாரங்கள். எண்ணூறு பேர் இருக்கலாம். ரோகசேர் கோட்டைக்குள் நாங்கள் ஐம்பத்து மூன்று பேர், பதினோரு குதிரை.

எனக்குக் கவலை இல்லை. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, நான்காவது பக்கம் என் பாட்டனார் கட்டிய சுவர். கோமகனின் படையில் முக்கால்வாசி அவனுக்குக் கட்டுப்பட்ட பிரபுக்கள் கூட்டி வந்த ஆட்கள். வழக்கப்படி அவர்கள் வருஷத்துக்கு நாற்பது நாள்தான் சண்டைக்கு வரவேண்டும். நாற்பத்தோராம் நாள் யார் சொன்னாலும் நிற்கமாட்டார்கள், அவரவர் வயலுக்குப் போய்விடுவார்கள். ஆக, ஆகஸ்ட் இரண்டாம் தேதி வரை நான் இந்தக் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். கதவைத் திறக்காமல் இருப்பது ஒரு வித்தையா?

படை வந்ததற்குக் காரணம் என் பாட்டு. கோமகனுக்கு இல்லாத முதுகெலும்பு அவனுடைய குதிரைக்காவது இருக்கிறதே என்று ஓர் அடி எழுதியிருந்தேன். ஈஸ்டரிலிருந்து தெற்கே எல்லாச் சந்தையிலும் அதைத்தான் பாடுகிறார்கள். அந்தக் கவுஸ்பெர்த் (நான்தான்) கையில் சிக்கினால் அவனுடைய பாடகனின் பிடில் நரம்பிலேயே தூக்கில் போடுவேன் என்று கோமகன் சத்தியம் செய்திருக்கிறான். நரம்பு தாங்காது. நான் கனமான ஆள்.

இன்னொரு காரணமும் கீழே ஒரு நீலக் கூடாரத்தில் இருக்கிறது. என் தம்பி எலியாஸ்.

இதைப் பாதிரியாரின் பழைய பிரசங்க ஏடுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஆட்டுத்தோல் நல்ல தோல். பிரசங்கத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

ஜூன் 26

எலியாஸைப் பற்றி எழுதிவிடுகிறேன். பிற்காலத்தில் யாராவது இதைப் படித்து என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது.

எங்கள் நாட்டில் கோட்டை மூத்தவனுக்கு மட்டும் போகாது. எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு. அப்பா சாகும்போது முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோபுரம், லாயம், சமையற்கட்டு எனக்கு. கோயில், களஞ்சியம், தண்ணீர்த்தொட்டி எலியாஸுக்கு. பதினாறு வருஷம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் விருந்து முடிந்த கையோடு, அவனை வெளியே அனுப்பிவிட்டேன். காரணம் துரோகம். விவரம் எல்லோருக்கும் தெரியும்.

அவன் கோமகனிடம் போய் நியாயம் கேட்டான். ஒரு தம்பி செய்கிற வேலையா அது?

ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள்

இன்று பாட்டுச் சண்டை தொடங்கியது. அம்புச் சண்டையைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.

நான் பாட்டுக் கட்டுவேன், பாடமாட்டேன். என் குரலைக் கேட்டால் குதிரை மிரளும். பாடுவதற்குச் சில்வண்டு இருக்கிறான். அவனுடைய ஞானஸ்நானப் பெயர் அவனுக்கே மறந்துவிட்டது. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, ஆனால் தொண்டையைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையிலும் சொல் சொல்லாகக் கேட்கும். சுவர்மேல் நிறுத்தி கோமகனைப் பற்றி ஒரு புதுப் பாட்டு விட்டேன். கீழே கோமகனின் ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மத்தியானம் எலியாஸ் பதில் பாடினான். வழக்கம் தெரிந்ததுதான்: பதில் பாட்டு அதே மெட்டில் வரவேண்டும், அடிக்கடைசி இயைபும் அதேதான் இருக்கவேண்டும், முன்னவன் சொன்ன குற்றச்சாட்டுக்கு நேராகப் பதில் இருக்கவேண்டும். மூன்று நாளுக்குள் பதில் சொல்லாதவன் தோற்றான். அவன் தோற்ற கதையைப் பாடகர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்விடுவார்கள். நான் இதுவரை தோற்றதில்லை.

எலியாஸின் பாட்டு சுமார். மெட்டை நன்றாகத்தான் பிடித்திருந்தான். அது அவன் போட்ட மெட்டு, அதனால் அதில் பெருமை இல்லை.

ஜூலை 4

காலையில் ஏணி வைத்து ஏறப் பார்த்தார்கள். கொதிக்கிற சாம்பல் கரைசலை ஊற்றினோம். இறங்கிப் போனார்கள். எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கை சுட்டுவிட்டது, அதுவும் எங்கள் கரைசலிலேயே.

சவுரினா சாயங்காலம் வந்தாள். என் மனைவி நல்ல செய்தி சொல்ல இவ்வளவு மெதுவாக நடக்கமாட்டாள்.

"தொட்டியில தண்ணி ஏழாவது படிக்கு இறங்கிடுச்சு."

"குடிச்சா இறங்கத்தானே செய்யும்."

"குடிக்கிறதைவிட வேகமா இறங்குது. அடியில, பன்னெண்டாவது படிக்குப் பக்கத்துல விரிசல். ரெண்டு வருஷமா நான் சொல்றேன்."

சொன்னாள்தான். பன்னிரண்டு படி இறங்குகிற பெரிய தொட்டி, பாறையைக் குடைந்து செய்தது. எலியாஸ் இருந்தவரை ஒவ்வொரு மாசியிலும் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பு பூசுவான். அவன் போன பிறகு யாரும் பூசவில்லை. அது அவனுடைய பாதி. அவன் பாதிக்குச் சுண்ணாம்பு அடிக்க நான் அவன் வேலைக்காரனா?

இதைச் சொன்னபோது சவுரினா விடவில்லை. "கோட்டை முழுக்க உங்களுதுன்னு சொல்லித்தானே அவரை வெளியே அனுப்பினீங்க?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்க்கப் போய்விட்டேன். சுவர் நன்றாக இருக்கிறது.

ஜூலை 9

மழை இல்லை. மேகமும் இல்லை. பாட்டில் நான் முன்னணியில் இருக்கிறேன்.

ஜூலை 12

தண்ணீர் பத்தாவது படியில். சவுரினா தொட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளை. நான் கோட்டைத் தலைவன் என்று நினைவூட்டினேன். எனக்கும் இரண்டு குவளை.

குளிப்பு, துவைப்பு, தாடி மழிப்பு எல்லாம் நின்றுவிட்டது. பாதிரியார் தீர்த்தத் தொட்டியைக் கையால் மூடிக்கொண்டு ஜெபம் செய்கிறார்.

ஒயின் மட்டும் நிறைய இருக்கிறது. சமையற்கட்டுக்குக் கீழே நாற்பது பீப்பாய். அது என் பாதி. என் பாதியில் எந்தக் குறையும் இல்லை.

ஜூலை 15

இன்று முதல் குதிரைகளுக்குத் தண்ணீரோடு ஒயின் கலந்து வைக்கிறோம். என் செம்பழுப்புக் குதிரை ஒரு வாளி குடித்துவிட்டுப் பாதிரியாரின் தோளில் தலையைச் சாய்த்து நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த வாயோடு பாட்டும் வந்துவிட்டது:

தவளை கலக்கும் குட்டை நீரைத் தலைவர் பருகட்டும் கீழே,
இவுளி பருகும் எங்கள் ஒயினை, இதுதான் வாழ்வு மேலே!

தவளைக்கு எதுகையாக இவுளி என்று வைத்தேன், குதிரைதான். கீழே, மேலே என்று இயைபு தானாக வந்து உட்கார்ந்தது. இப்படி ஓர் அடி வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். சவுரினாவிடம் சொல்லிக் காட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"இதைப் பாட விடாதீங்க."

"ஏன்? எவ்வளவு செழிப்பா இருக்கோம்னு கோமகன் நினைப்பான்."

"கோமகன் நினைப்பான். உங்க தம்பி என்ன நினைப்பார்?"

பாட்டைப் பெண்களிடம் காட்டினால் இதுதான். சில்வண்டு பாடினான். கீழே கோமகனின் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள், தவளை மாதிரிக்கூடக் கத்தினார்கள். நீலக் கூடாரத்துக்கு முன்னால் எலியாஸ் மட்டும் அசையாமல் நின்றான்.

ஜூலை 16

எலியாஸிடமிருந்து பதில் இல்லை. அடி பட்டுவிட்டது.

ஜூலை 17

இன்றும் பதில் இல்லை. நாளையோடு மூன்று நாள். ஜெயித்துவிட்டேன் என்று காலையில் சவுரினாவிடம் சொன்னேன். அவள் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வறட்சி வருஷம் ஞாபகம் இருக்கா? எனக்கு நீங்க சொன்ன கதைதான். உங்களுக்குப் பதினஞ்சு வயசு, எலியாஸுக்குப் பன்னெண்டு."

"அதுக்கென்ன?"

"இந்தக் கோட்டையில குதிரைக்கு ஒயின் வெச்சது அந்த ஒரு வருஷம்தான். தொட்டி காய்ஞ்சதால. வாளியைப் பிடிச்சது யாரு?"

வாளியைப் பிடித்தது எலியாஸ். குதிரை குடித்த மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் குடித்து, லாயத்திலேயே வாந்தி எடுத்து, அப்பாவிடம் உதை வாங்கினோம்.

எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. வெயில் அதிகம், அதனால் இருக்கலாம்.

மத்தியானம் சில்வண்டைக் கீழே அனுப்பினேன். பாடகனை யாரும் தடுக்கமாட்டார்கள், இரண்டு பக்கத்துக்கும் அவன் பாட்டு வேண்டும். கிளம்புமுன் சவுரினா அவன் வாயைக் கழுவிவிட்டாள், ஒயின் வாடை வரக்கூடாது என்று. அதில் எனக்குச் சேரவேண்டிய அரைக் குவளை போயிற்று. அவன் திரும்பி வந்து சொன்னது இது:

"கோமகன் உங்க தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கான், பிரபு. 'ஒயின் ஒயின்னு கத்துறானே, தண்ணி தீர்ந்துபோச்சா? தொட்டியை நீதானே பார்த்துக்கிட்டே, உனக்குத் தெரியாதா?'ன்னு. தண்ணி இல்லைன்னு தெரிஞ்சா சும்மா உட்கார்ந்தே பிடிச்சிடலாமாம். இருக்குன்னா முற்றுகை வீண்தானாம்."

"இவன் என்ன சொன்னான்?"

"நாளைக்குப் பாட்டுல பதில் சொல்றேன், எல்லாருக்கும் முன்னாடின்னு சொல்லியிருக்காரு."

தொட்டியில் தண்ணீர் பன்னிரண்டாவது படிக்குக் கீழே, கணுக்கால் அளவு. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. எலியாஸ் வாயைத் திறந்தால் போதும். ஐம்பத்து மூன்று பேரும் செத்தோம், முதலில் நான்.

ஜூலை 18

இரண்டு முறை மையைக் கொட்டிவிட்டேன். கோபத்தில்தான்.

எலியாஸ் ஆற்றங்கரைப் பாறைமேல் ஏறி நின்று தானே பாடினான். அவன் குரல் அப்படியே இருக்கிறது. ஒரு சொல் விடாமல் கேட்டது. என் அண்ணன் கவுஸ்பெர்த் பிறவிப் பொய்யன். தொட்டி என் கையால் சுண்ணாம்பு பூசியது, நான்காவது படி வரை தளும்பி நிற்கும், நவம்பரில் வரும் சகல புனிதர் திருநாள் வரை வற்றாது. தாகத்தில் சாகிறவன் போல நடித்து உங்களை இங்கேயே உட்கார வைத்து, உங்கள் அறுவடையைக் கெடுக்கப் பார்க்கிறான். அவன் பாட்டில் உண்மை இருந்தால் மூன்று நாளுக்குள் எனக்குப் பதில் சொல்லட்டும். இதுதான் பாட்டு. கீழே, மேலே என்ற இயைபை ஆறு முறை வைத்தான்.

பொய்யன்! இரண்டு படைகளுக்கு முன்னால்! என் பாட்டில் ஆயிரம் வசை இருக்கும், ஒரு பொய் இருந்ததில்லை. குதிரை ஒயின் குடித்தது உண்மை. நான் சுவர்மேல் நின்று கல்லைத் தூக்கி எறிந்தேன். ஆறுவரைகூடப் போகவில்லை.

"இவனுக்கு நான் தர்ற பதில்ல இவன் பேரே நாறப்போகுது," என்று கத்திக்கொண்டு கீழே வந்தேன். சவுரினா அழுதுகொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டாவது முறை.

"நாலாவது படியாம்," என்றாள். "விரிசல் பன்னெண்டாவது படியில இருக்குன்னு அவருக்குத் தெரியும். சுண்ணாம்பு பூசாம ரெண்டு வருஷம் நாலாவது படியில தண்ணி நிக்காதுன்னும் தெரியும். உங்களைப் பொய்யன்னு சொல்லி உங்க கழுத்தைக் காப்பாத்தியிருக்கார். புரியலையா உங்களுக்கு?"

புரிந்தது. சுவர்மேல் நிற்கும்போதே புரிந்திருக்கவேண்டும். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 19

பதில் பாட்டு வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. ஐந்து பத்தி. காய்ந்த தொட்டியின் பன்னிரண்டு படியும் அதில் இருக்கிறது, வாளியைப் பிடித்த பையன் இருக்கிறான், சுண்ணாம்புக் கோடு இருக்கிறது. ஒரு சொல்லை நகர்த்த முடியாது. என் வாழ்நாளில் நான் கட்டிய பாட்டுகளில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை. சில்வண்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாடி முடித்துவிட்டு அவன் பிடிலைக் கீழே வைத்துவிட்டான்.

சவுரினா வாசற்படியில் நின்று முழுவதும் கேட்டாள்.

"நல்லா இருக்கு. பாடினா எல்லாரும் சாவோம்."

"வேற பாட்டுப் பாடறேன், தண்ணியைப் பத்தி இல்லாம."

"குத்தச்சாட்டுக்கு நேரா பதில் வேணும்னு நீங்கதானே சொல்வீங்க? சுத்தி வளைச்சா கோமகன் மூக்குல வேர்த்துடும். பேசாம இருங்க. ஒருத்தன் உங்களைத் திட்டி நீங்க வாயை மூடினதா சரித்திரமே கிடையாது. நீங்க வாயை மூடினா, எலியாஸ் சொன்னது நிஜம்னு கோமகன் சத்தியமா நம்புவான்."

"தோத்துட்டேன்னு ஆகிடும்."

"ஆகட்டும்."

"பொய்யன்னு ஆகிடும், சவுரினா. எல்லாச் சந்தையிலயும். நான் செத்த பிறகும்."

அவள் சாவியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். இன்று முதல் ஒரு குவளை.

ஜூலை 20

சில்வண்டு இரண்டு முறை கேட்டான். பாடட்டுமா, பிரபு? வேண்டாம் என்றேன்.

ஜூலை 21

மூன்றாம் நாள். சூரியன் சாயும்வரை சுவர்மேல் நின்றேன். எண்ணூறு பேரும் கீழே கூடியிருந்தார்கள். கோமகனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நாக்கு நுனியில் ஐந்து பத்தியும் நின்றன. நான் பாடினால் குதிரை மிரளும் என்றாலும் நானே பாடியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். முற்றுகையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அதுதான், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

சூரியன் விழுந்ததும் கோமகனின் கட்டியக்காரன் கொம்பு ஊதி அறிவித்தான்: கவுஸ்பெர்த் பிரபு தோற்றார்.

ஜூலை 22, மகதலேனா மரியாள் திருநாள்

'ரோகசேர்ப் பொய்யன்' என்று புதுப் பாட்டு. கோமகனின் சமையல்காரன்கூடப் பாடுகிறான். மெட்டு நல்ல மெட்டு, என் செய்வது.

ஜூலை 25, சந்தியாகப்பர் திருநாள்

கண்கள் குழிவிழுந்துவிட்டன. ரொட்டியை ஒயினில் நனைத்துச் சாப்பிடுகிறோம். மூன்று குதிரைகள் போய்விட்டன. செம்பழுப்பு இருக்கிறது.

ஈஸ்டர் விருந்தைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றுகிறது. எலியாஸ் துரோகம் எதுவும் செய்யவில்லை. விருந்தாளிகள் முப்பது பேருக்கு முன்னால் என் புதுப் பாட்டைச் சில்வண்டு பாடினான். எலியாஸ் முட்டையை உரித்துக்கொண்டே, "நாலாவது அடி நொண்டுது அண்ணா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். அன்றே வெளியே அனுப்பினேன்.

நான்காவது அடி நொண்டியதுதான். அடுத்த வாரமே திருத்திவிட்டேன்.

ஜூலை 30

தொட்டியில் சேறு. துணியில் கட்டிப் பிழிகிறோம். கீழே சில பிரபுக்கள் இப்போதே கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். வற்றாத தொட்டிக்கு முன்னால் எதற்காக உட்காரவேண்டும் என்று கோமகனிடமே கேட்டார்களாம்.

ஆகஸ்ட் 2
நாற்பதாம் நாள்

போகிறார்கள். வரிசை வரிசையாக, ஆற்றைக் கடந்து, அரிவாள் நினைப்போடு. மத்தியானத்துக்குள் கோமகனும் போய்விட்டான். சுவருக்குக் கீழே வந்து, "பொய்யனே, உன் தண்ணீரை நீயே குடி!" என்று கத்திவிட்டுப் போனான். என் தொண்டை காய்ந்திருந்ததால் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஐம்பத்து மூன்று பேரும் ஆற்றுக்கு ஓடினோம். பாதிரியார் அங்கியோடு விழுந்தார். நான் குப்புறப் படுத்துக் குதிரை மாதிரி குடித்தேன்.

தலையை நிமிர்த்தினால் நீலக் கூடாரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகஸ்ட் 3

காலையில் எலியாஸ் ஒரு கோவேறு கழுதையோடு வாசலுக்கு வந்தான். தலையில் நரை. எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தான். பன்னிரண்டு படியும் இறங்கினான். மேலே வந்தபோது செருப்பில் சேறுகூட இல்லை, தூசிதான்.

"எப்போ தீர்ந்துச்சு?"

"நாலு நாளாச்சு."

"பன்னெண்டாவது படி விரிசலா?"

"ஆமா."

"ரெண்டு வருஷத்துல ஒரு கூடை சுண்ணாம்பு உனக்குக் கிடைக்கலையா?"

"உன் பாதியாச்சே," என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு என் பாதி வேணும்னுதான் கோமகன்கிட்ட போனேன். உன் கழுத்து வேணும்னு போகலை. நீ போயிட்டா நான் யாரு பாட்டுல குத்தம் கண்டுபிடிக்கிறது?"

சமையற்கட்டில் உட்கார வைத்து ஒயின் ஊற்றினேன். வேண்டாம், தண்ணீர் கொடு என்றான். சில்வண்டு ஆற்றிலிருந்து கொண்டுவந்தான். குடித்துவிட்டு எலியாஸ் மெதுவாகக் கேட்டான்:

"மூணு நாளும் பாறைமேல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன் அண்ணா. நீ பாடிடுவியோன்னு உயிர் போச்சு. பதில் ஏதாவது வெச்சிருந்தியா?"

சில்வண்டு வாயைத் திறந்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"ஒண்ணும் வரலை," என்றேன். "நீ ஜெயிச்சுட்டே."

எலியாஸ் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது. பதினாறு வருஷம் ஒரே முற்றத்தில் இருந்தும், பாட்டில் அவன் என்னை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. சந்தோஷத்தில் ஒரு குவளை ஒயினும் குடித்தான்.

ஆகஸ்ட் 9

காலை முழுக்கச் சுண்ணாம்பு நீற்றினோம். எலியாஸ் தொட்டிக்குள், நான் மேலிருந்து கூடையை இறக்கினேன். கை வெந்துபோயிற்று. கூடையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை என்று உள்ளேயிருந்து கத்துகிறான். முற்றத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்த வருஷம் பூச்சு வேண்டாம், மழையே அழித்துக்கொள்ளட்டும் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

பாதிரியாரின் ஏடுகள் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது இந்த ஒரு தோல்தான். இதில் அந்த ஐந்து பத்தியும் இருந்தன. சில்வண்டைக் கூப்பிட்டு, மறந்துவிடு என்று சிலுவைமேல் சத்தியம் வாங்கினேன். பிறகு கத்தியை எடுத்து, வரி வரியாகச் சுரண்டி, ஊதிவிட்டு, அதன் மேலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நல்ல பாட்டு. நான் சொன்னால் இனி யாரும் நம்பமாட்டார்கள்.